டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச்

என் மச்சினன் கையிலிருந்து 14,500 ரூபாய் வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது. அவன் செய்யாத தப்புக்கு அவன் கட்டிய பணம் அது. தப்பு யாருடையது என்று நோட்டுகளை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

நான் ஐடிஐயில் வயர்மேன் படித்தவன். நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையில் மின் பராமரிப்பு வேலை. எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இது லாரி ஊர். பாடி கட்டுகிற பட்டறை, லேத், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை என்று தெருவுக்குத் தெரு இருக்கும். வண்டியில் எது கெட்டாலும் பத்து நிமிட நடையில் அதைச் சரிசெய்கிற ஆள் கிடைப்பார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 220 ரூபாய் ரிலே ஒன்றை மாற்ற மாட்டேன் என்று நான்கு மாதம் அடம்பிடித்தேன்.

2017 சித்திரையில் நடந்தது. ஏசி இல்லாத பழைய பெட்ரோல் கார், மூன்றாம் கையாக வாங்கியது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நெரிசலில் நின்றபோது டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து நகர்ந்து சிவப்பை நோக்கிப் போயிற்று. பானட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஃபேன் சும்மா நிற்கிறது. நெரிசல் தாண்டி ஓடத் தொடங்கியதும் முள் தானாக இறங்கிவிட்டது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போதும், மலையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போதும்தான் ஃபேன் வேண்டும்.

மறுநாள் ஒரு எலக்ட்ரீசியன் கடையில் விட்டேன். அந்தப் பையன் மீட்டரைக்கூட எடுக்கவில்லை. ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. பக்கத்திலேயே இருந்த ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஃபேன் ரிலே இருந்த குழியில் செருகினான். எங்கள் வண்டியில் இரண்டும் ஒரே வகை, நான்கு கால். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். 'டிக்' என்று ஒரு சத்தம், ஃபேன் சுற்றியது.

"ரிலே போயிருச்சுங்கண்ணா. 220 ரூபா. கையில இருக்குது, மாட்டிரட்டுங்களா?"

"அப்பறம் வர்றேன்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் நேர்மையான பதில் இரண்டு. ஒன்று, கஞ்சத்தனம். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பாவுக்கு 220 ரூபாயா என்று நெஞ்சு அடைத்தது. இரண்டாவது அதைவிட மோசமானது. கரண்ட் வேலை தெரிந்த நான், ஒரு பையனுக்குக் கூலி கொடுத்து ரிலே மாட்டுவதா?

வீட்டுக்கு வந்ததும் பழைய ரிலேயை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். உள்ளே தலைமுடி கனத்தில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். அதற்கு மேலே ஒரு சின்ன இரும்புத் தகடு, தகட்டின் நுனியில் கடுகளவு ஒரு பொட்டு, எதிரில் இன்னொரு பொட்டு. ரேடியேட்டரில் இருக்கும் தெர்மோ சுவிட்ச் சூடு ஏறியதும் சுருளுக்குக் கரண்ட் விடும். 85, 86 என்று எண் போட்ட கால்கள் அதற்கு. சுருள் காந்தமாகித் தகட்டை இழுக்கும், பொட்டும் பொட்டும் ஒட்டும், 30ஆம் காலில் வந்து காத்திருக்கும் பேட்டரி கரண்ட் 87ஆம் கால் வழியாக ஃபேனுக்குப் போகும். சுருளுக்கு வேண்டியது கால் ஆம்பியர்கூட இல்லை. அந்தக் கொசுறுக் கரண்ட்டை வைத்துக்கொண்டு பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுவதுதான் ரிலேயின் வேலை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் பொட்டுகளுக்கு நடுவே சின்னத் தீப்பொறி பறக்கும். ஆண்டுக்கணக்கில் பறந்து பறந்து என் ரிலேயின் பொட்டுகள் கருகி, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தன. விரலால் தகட்டை அழுத்தினால் ஒட்டுகிறது, கரண்ட் போகவில்லை.

இவ்வளவும் புரிந்தது எனக்கு. புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

எங்கள் பக்கம் 'டைரக்ட் பண்ணுவது' என்று ஒரு வியாதி உண்டு. கிணற்று மோட்டார் ஓவர்லோடு ஆகி ஸ்டார்ட்டர் விழுந்தால், ஏன் விழுந்தது என்று பார்க்க மாட்டோம். பட்டனில் ஒரு குச்சியைச் செருகி ஓட்டுவோம். மோட்டார் காயில் எரிந்து நாறும்போது வோல்டேஜைத் திட்டுவோம். அந்த வியாதி எனக்கு முற்றிய நிலை.

வீட்டில் ஒரு சுவிட்ச் கிடந்தது. பழைய வீட்டை இடித்தபோது கழற்றி வைத்தது, வெள்ளை நிறம், டியூப்லைட்டுக்குப் போடுவோமே அந்தச் சுவிட்ச். மிச்ச வயரும் இருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு லைன் எடுத்து, க்ளோவ் பாக்ஸுக்குக் கீழே சுவிட்சைத் திருகி, அங்கிருந்து ஃபேன் மோட்டாருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். திறந்த ரிலேயை மூடி, ஃபெவிக்குவிக் வைத்து ஒட்டி, பழைய குழியிலேயே திரும்பச் செருகினேன். பானட்டைத் திறப்பவர் கண்ணுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். "கம்பெனிக்காரன் வெச்சதைவிட இது நல்லதுங்க, நம்ம கன்ட்ரோல்ல இருக்குது" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

நம் கன்ட்ரோலின் லட்சணம் முதல் வாரமே தெரிந்தது. அணைக்க மறந்து இரண்டு முறை பேட்டரி இறங்கிப் போனது. உடனே புத்தி வந்து ரிலே வாங்கியிருக்க வேண்டும். நானோ பேட்டரி லைனைக் கழற்றி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனில் சேர்த்தேன். ஒரு தப்பை இன்னொரு தப்பால் ஒட்டுப்போட்டேன்.

ஆடி பிறந்ததும் இன்னொன்றையும் கவனித்தேன். சுவிட்சைத் தொட்டால் சூடாக இருந்தது. ஓரத்தில் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. வீட்டில் 100 வாட் பல்பு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே 100 வாட் ஃபேனை 12 வோல்ட்டில் ஓட்டினால் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுற்றத் தொடங்கும் நொடியில் அதுவே பல மடங்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஐடிஐ முதல் ஆண்டுப் பாடம். ஒருநாள் சுவிட்சைப் போட்டேன், ஃபேன் ஓடவில்லை. இன்னொரு முறை தட்டினேன், ஓடியது. "லூஸ் கான்டாக்ட், அப்பறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரந்தான் மச்சினன் வந்தான்.

அவன் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். சொந்தமாகக் கார் கிடையாது, லைசென்ஸ் உண்டு. எங்கள் குடும்பத்தில் என்னை ஒரு பொருட்டாக மதிப்பவன் அவன் ஒருவன்தான். மிக்ஸி கெட்டாலும் மாமா, இன்வெர்ட்டர் கெட்டாலும் மாமா. ஆடி 18க்குக் கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும், சம்சாரம், இரண்டு பிள்ளைகள், அம்மா என்று கிளம்புகிறோம், வண்டி கொடுங்கள் மாமா என்றான்.

கொல்லிமலை போனவர்களுக்குத் தெரியும். காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருக்கும். ஆடிப் பெருக்கன்று வல்வில் ஓரி விழாவும் கோயில் கூட்டமும் சேர்ந்து வண்டிகள் ஒன்றன் வால் பிடித்து ஒன்று ஊரும். ஃபேன் இல்லாமல் ஏறக் கூடாத பாதை ஒன்று உண்டென்றால், ஃபேன் இல்லாமல் ஏறக் கூடாத நாள் ஒன்று உண்டென்றால், அதுவும் அதுவும்தான்.

சாவி கொடுக்கும் முன்பு வண்டியில் ஏறி, க்ளோவ் பாக்ஸுக்குக் கீழே கையை விட்டு, சுவிட்சைப் போட்டேன். சாவியைத் திருப்பி ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. சுவிட்ச் இருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் "ரிலே மாத்தியிருக்கலாமேங்க மாமா" என்று அவன் கேட்டிருப்பான். என்னை மதிப்பவன் ஒருவன், அவனிடம் அந்தக் கேள்வியை வாங்க எனக்கு மனம் வரவில்லை. "பார்த்து ஓட்டு மாப்ள, பிரேக்கை அழுத்திட்டே இறங்காத" என்று பெரிய மனுசன் மாதிரி புத்தி சொல்லி அனுப்பினேன்.

பதினொரு மணி இருக்கும், போன் வந்தது. மனைவி பக்கத்தில் இருந்தாள். தம்பி போன் என்றதும் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"மாமா, நாப்பத்திரெண்டாவது வளைவுல நிக்கிறோமுங்க. முன்னாடி பஸ் மாட்டிக்கிச்சு. பானட்டுல இருந்து பொகையா வருதுங்க. ஃபேன் சுத்த மாட்டேங்குது. ஃபியூஸ் பார்த்தேன், நல்லாத்தான் இருக்குது. என்னுங்க மாமா பண்றது?"

பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: க்ளோவ் பாக்ஸுக்குக் கீழே கையை விடு, ஒரு சுவிட்ச் இருக்கும், இரண்டு மூன்று தடவை தட்டு. அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. ஸ்பீக்கரில் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"முள்ளைப் பார்க்கலியா மாப்ள?"

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. "பார்க்கலீங்க மாமா. சின்னவன் வாந்தி எடுத்துட்டே வந்தானுங்க. கவனிக்கலை" என்றான். மனைவி போனைப் பிடுங்கி, ஓசி வண்டியை இப்படியா ஓட்டுவாய் என்று தம்பியைத் திட்டத் தொடங்கினாள். நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தேன். "விடு, சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்." நினைத்தால் இன்றும் கூசுவது இந்தச் சமாதானந்தான். பழி போட்டதாவது பயத்தில்.

இன்ஜினை அணைத்துவிட்டு நன்றாக ஆறவிடு, மூடியைத் திறக்காதே என்று சொன்னேன். சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ரேடியேட்டர் மூடி சும்மா மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் விலகி ஒரே கணத்தில் கொதித்து, வெந்நீரும் ஆவியுமாகச் சீறும். அவன் அரை மணி நேரம் பொறுத்திருக்கிறான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹார்ன் அடித்து, கத்தி, நெருக்கியிருக்கிறார்கள். ஈரத் துண்டைப் போட்டு மூடியைத் திருகினான். வலது மணிக்கட்டில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு வெந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றி மேலே சோளக்காடு வரைக்கும் எப்படியோ ஏறிவிட்டான். இறங்கும்போது இன்ஜினுக்கு வேலை குறைவு, தாக்குப்பிடித்தது. சேந்தமங்கலம் தாண்டி வண்டி நின்றேவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஒரு பட்டறையில் விட்டான். சாமி பார்த்தார்களா என்று இதுவரை நான் கேட்டதில்லை.

அன்றிரவு நான் செய்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரையே.

பட்டறையில் மறுநாள் காலையில்தான் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வண்டி வெளியே, வேப்பமரத்தடியில் நின்றது. "ஆர்சி புக் வண்டியில இருக்குது, எடுத்துட்டு வந்திடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். வழியில் அடைக்கப்போன கடை ஒன்றில் புது ரிலே வாங்கினேன். விலை 220 ரூபாய்தான், ஐந்து காசு ஏறவில்லை. செல்போன் வெளிச்சத்தில் சுவிட்சைக் கழற்றினேன். பின்பக்கம் உருகி, ஒரு திருகு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வயரை உருவிச் சுருட்டினேன். ஃபேன் கனெக்டரைப் பழையபடி இணைத்து டேப் சுற்றினேன். செத்த ரிலேயைப் பிடுங்கிப் புதியதைச் செருகினேன். கால்கள் குழியில் இறங்கும்போது ஒரு இறுக்கம், பிறகு 'சக்'. ரிலே மாற்றியதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச அரை மணி நேரமும் தடயத்தை அழிக்க.

வண்டியைச் சரிசெய்ய நான் ரிலே மாற்றினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறைக்க மாற்றினேன்.

மெக்கானிக் மறுநாள் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டால் வருகிற நிறம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது, லேத்துக்குக் கொடுத்துப் பேசிங் பண்ண வேண்டும் என்றார். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும். கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட், இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும்போது அளவுமீறிச் சூடேறினால், விரிய இடமில்லாமல் ஹெட் முறுக்கிக்கொள்ளும். ஃபேனைச் சோதித்தார், ஓடியது. "ஃபேன் நல்லாத்தானுங்க ஓடுது" என்று தலையைச் சொறிந்தவர், கனெக்டரிலிருந்த டேப்பைப் பார்த்து, "இங்க ஏதோ ஜாயின்ட் போட்டிருந்திருக்காங்களே?" என்றார்.

"பழைய ஓனர் வேலைங்க" என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். லாரி ஊரின் மெக்கானிக், அவருக்குப் புரியாமலிருந்திருக்காது. பேசாமல் குனிந்துகொண்டார்.

பில் 14,500. மச்சினன் தானே கட்டுவதாக வந்து நின்றான். "என் தப்புங்க மாமா, முள்ளைப் பார்த்திருக்கணும்." வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். நம் ஊரில் இரண்டு முறை சொல்வது வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். பண்ணையில் அட்வான்ஸ் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். எண்ணிக் கொடுக்கிற கையில் துணிக்கட்டு இருந்தது.

பிறகு அது குடும்பக் கதையாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, எங்கே கூடினாலும் யாராவது ஆரம்பிப்பார்கள்: "மலையில காரை இட்லிக்குண்டா ஆக்குனவன் வந்துட்டான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒருமுறை நானே அந்தப் பேச்சை எடுத்தேன்.

போன மாதம் அவன் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினான். வாங்கிய இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்தான். "மாமா, ஃபேன் ஓடலீங்க. கடையில டைரக்ட் பண்ணிக்கலாம், சுவிட்ச் வெச்சுத் தர்றேன்ங்கறாங்க. உங்களைக் கேட்காம செய்யக்கூடாதுன்னு வந்துட்டேன். வெச்சுக்கலாமுங்களா?"

அவனை வண்டிக்கு அழைத்துப்போய், ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஃபேன் குழியில் செருகி, இன்ஜினை ஓடவிட்டேன். 'டிக்.' ஃபேன் சுற்றியது. "மாமாவுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்று தன் பையனிடம் சொன்னான். பானட்டைத் தாங்கிப் பிடித்திருந்த கையில் அந்தத் தழும்பு, சுற்றியிருக்கும் தோலைவிட வெளுப்பாக.

உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன். எதையும் தூக்கிப்போடாத கஞ்சன், சுவிட்சையும் பழைய ரிலேயையும் அதில்தான் வைத்திருந்தேன். பையனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, நாற்பத்திரண்டாவது வளைவிலிருந்து வேப்பமரத்தடி வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உருகாத ஓரத்தில் எழுத்து இன்னும் தெரிந்தது: 6 ஆம்பியர், 240 வோல்ட்.

"மாட்டும்போது இதைப் படிச்சீங்களா மாமா?"

"படிச்சேன்."

பணத்தை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒருமுறைகூட அவன் சொல்லவில்லை. வாங்கி எண்ணினான், நோட்டு சரியாக இருந்தது. வாசல் வரைக்கும் வந்தவன், "அக்காவுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "சொல்லீருங்க. இத்தனை வருசம் என்னைத்தான் திட்டிட்டு இருக்குது" என்றான்.

இன்னும் சொல்லவில்லை. அவள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிப்பவள்.